ஆஷ்வேல் வாசலில் செல்லக்கனி அத்தை

ஜூலை 5, சனி

பள்ளிக்கூட நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்படி ஒரு கட்டம் இருக்கும் இடத்தில் உண்மையை எழுத முடியாது. ஆகவே இது தனி நோட்டு.

மாரீஸ் அண்ணனுக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு இரவு ரயில். இதனால் எனக்குச் சில நன்மைகள் உண்டு. ஜன்னலோர மேசை எனக்கு. மேசை விசிறி முழுக்க என் பக்கம் திரும்பும். கணினியும் இங்கேயேதான் இருக்கும். எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. பிறகு யாராவது வேறுவிதமாகச் சொல்லக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இன்று விடுதிக்குப் பக்கெட் வாங்க நான்கு பேரும் கிளம்பினோம். கேட்டைத் திறந்ததும் எதிர்வீட்டுச் செல்லக்கனி அத்தை, எப்போதும்போல நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றார்.

"என்ன, குடும்பத்தோட கெளம்பியாச்சு. தூரமா?"

அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சிரித்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போனார். நாங்களும் போனோம். நால்வரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தோம்.

"ஒரு பக்கெட் வாங்கப் போறதுக்கும் சகுனமா?" என்றார் அப்பா.

"சென்னைக்குப் போற பக்கெட்டு. குடிங்க பேசாம," என்றார் அம்மா.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்பினோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் இப்படித்தான் இரண்டு தவணையாக வெளியே போகிறோம்.

சாயங்காலம் அத்தை ஒரு கிண்ணம் வல்லாரைத் துவையல் கொண்டுவந்து கொடுத்தார். வாரா வாரம் கொடுக்கிறார். அவர் மகன் செந்தூர் அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் வீட்டில் அவர் மட்டும்தான். அவர் அந்தத் துவையலைச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் ஆடும் விளையாட்டின் பெயர் ஆஷ்வேல். கதாநாயகன் ஒரு மலைக்கிராமத்தில் பிறக்கிறான். ஊர்வாசலைத் தாண்டிப் போய், ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து, கல்பூதத்தைக் கொல்ல வேண்டும். அண்ணன் ஆடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கவனிப்பேன். இன்று ஒரு குறையைக் கண்டுபிடித்தேன்.

"அண்ணே, இந்த ஊர்க்காரங்க எல்லாம் இவன்கூடக் கோவமா?"

"ஏன்?"

"சாகப் போறான். எங்க போறன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே."

உண்மைதான். வாசலருகே ஒரு கிழவி நிற்கிறாள். அவன் வாளோடு கடந்து போகிறான். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"கேட்டா வம்புல்ல," என்றார் அண்ணன். "திரும்பிப் போய் உக்காந்து தண்ணி குடிக்கணும்."

பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிர்வீட்டைப் பார்த்தோம்.

ஆஷ்வேலுக்குள்ளேயே 'பஜார்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. விளையாட்டில் இல்லாத ஒன்றை ஆடுகிறவர்களே செய்து சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். பஜாரில் யாரும் தங்கள் மோட்டை வைக்கலாம். வேண்டுமென்பவர்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் அது அவர்கள் ஆட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் எங்கெங்கோ தேடிப் பதிவிறக்கி, ஒரு கோப்பை இன்னொரு கோப்புறைக்குள் திணித்து, கடைசியில் வைரஸ் வந்து கணினியைப் பையில் போட்டு மதுரைக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்ததாம். "இப்பப் பச்சப்புள்ளகூட மோட் போடலாம்," என்றார் அண்ணன்.

ஜூலை 8, செவ்வாய்

வேணி மிஸ் கட்டுரைப் போட்டி அறிவித்தார். தலைப்பு: தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள். வகுப்பே செல்பேசியைப் பற்றி எழுதப் போகிறது. நான் விளையாட்டுக்குள்ளேயே மோட் பகிரும் வசதியைப் பற்றி எழுதுவதாக இருக்கிறேன். மிஸ்ஸிடம் சொன்னபோது, "அதுக்கு முன்னுரை முடிவுரை எல்லாம் வருமா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

எங்கள் மோட்டுக்காக அத்தையின் குரலைப் பதிவு செய்தோம். அதாவது நான் செய்தேன். செல்பேசியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனேன்.

முதல் முறை "என்ன, தூரமா?" என்று கேட்கும் நேரத்தில் பால்காரர் ஹாரன் அடித்தார். திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி போனேன். அப்போது நாய் குரைத்தது. மறுபடி தண்ணீர். அதற்கடுத்த முறை அத்தை, "ஏட்டி, என்ன உள்ளயும் வெளியயுமா அலையுத? எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். அது பயன்படாது. மறுபடி தண்ணீர். வயிறு குடம்போல ஆனபிறகுதான் ஒரு நல்ல "தூரமா?" கிடைத்தது. அதில் அக்கறை இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, கொஞ்சம் பொழுதுபோக்கும் இருக்கிறது. மிக நல்ல பதிவு.

சாயங்காலம் வழக்கமான துவையல் வந்தது. என் பங்கை மட்டும் அத்தை தனிக் கிண்ணத்தில் கூடுதலாக வைத்திருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுவதும் வேலை. அண்ணன் நிரல் எழுதினார், நான் வசனம் எழுதினேன். கோழிக் கிழவி போய், நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி வந்துவிட்டார். பின்னால் பனிமலை, மேலே கழுகு, நடுவில் பூப்போட்ட நைட்டி.

கதாநாயகன் வாசலைத் தாண்டினால் அவர் "தூரமா?" என்பார். அவன் தானாகத் திரும்பி வீட்டுக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பான். மறுபடி வந்தால் "நல்லபடியாப் போயிட்டு வா" என்பார். இதுவும் நேற்று நான் கடைசியாகக் கிளம்பியபோது அத்தை சொன்னதுதான்.

"ரெண்டாவது வாட்டி கேக்கக்கூடாது. அதான் விதி," என்று சொல்லி அண்ணன் 'ஒருமுறை மட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அவன் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு. அண்ணன் பத்து வினாடி போதும் என்றார். நான் ஐந்து நிமிடம் என்றேன். உண்மையில் அவ்வளவு நேரம்தானே உட்காருகிறோம். கடைசியில் அரை நிமிடம்.

ஜூலை 19, சனி

பஜாரில் வைத்துவிட்டோம். எந்த வகை என்று கேட்டது. ஆயுதம், அலங்காரம், கடினநிலை என்று மூன்று வகைகள்தான் இருந்தன. சகுனத்துக்கு வகை இல்லை. கடினநிலையில் சேர்த்தோம்.

விளக்கத்தை நான் எழுதினேன். தமிழர்கள் வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்பது ஏன் ஆகாது, கேட்டால் ஏன் தண்ணீர், ஏன் உட்காருதல் எல்லாம் எழுதினேன். "இந்தப் பெண்மணி கேட்டுவிட்டால் உங்கள் காரியம் கெட்டது என்று பொருள்" என்று ஒரு நல்ல வாக்கியமும் சேர்த்தேன். அண்ணன் ஆங்கிலத்தில் மாற்றினார்.

படைப்பாளர் பெயர் எழுத ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அது அண்ணன் கணக்கு என்பதால் அவர் பெயர் தானாக வந்துவிட்டது. என் பெயர் விளக்கத்தின் கடைசியில், 'மேலும் படிக்க' என்பதை அமுக்கினால் தெரியும். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்ய முடியும் என்பது அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தோன்றவில்லை போலும். பாவம், அவர்களுக்கு அண்ணன் தங்கை இல்லையோ என்னவோ. கட்டுரையில் தீமைகள் பகுதியில் முதலாவதாக இதை எழுதுவேன். விஷயமே இல்லை என்றாலும்.

ஜூலை 23, புதன்

பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தப் பெண்மணி கேட்கிறார். நான் உட்காருகிறேன். ஏன் என்று தெரியவில்லை. ஆனால் உட்காருவது நன்றாக இருக்கிறது."

டொரண்டோவிலிருந்து ஒருவர்: "இதைக் கேட்டதும் எங்கம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, யாரடா கேட்டது என்று வாசலைப் பார்த்தார்."

பொத்தான் ஒன்றை அமுக்கியதற்கு டொரண்டோவில் ஒரு அம்மா கரண்டியோடு ஓடுகிறார். இதைவிடப் பெரிய நன்மை என்ன இருக்கிறது? பின்லாந்துக்காரருக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். அண்ணன் பாதியை அழித்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

பஜாரின் முகப்புப் பக்கத்திலேயே எங்கள் மோட்டைப் போட்டிருக்கிறார்கள். அதைச் சேர்த்தவர்கள் எண்ணிக்கை எங்கள் ஊர் தேரோட்டக் கூட்டத்தைத் தாண்டிவிட்டது.

அண்ணன் சட்டை அளவு கொடுப்பதிலும் விடுதிக்குப் போன் செய்வதிலும் இருப்பதால், புதுப்பிப்புகளை வெளியிட எனக்குக் கற்றுக்கொடுத்தார். மாற்றத்தைச் செய்து 'வெளியிடு' என்பதை அமுக்கினால், உலகம் முழுவதும் எல்லாருடைய ஆட்டமும் தானாக மாறிக்கொள்ளும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் சேர்த்தவை: தண்ணீருக்குப் பிறகு ஒரு டம்ளர் டீ. டீயோடு முறுக்கு. முறுக்கு தீரும்வரை எழ முடியாது.

"ரதி, இவன் கெளம்பவே மாட்டான் போல," என்றார் அண்ணன்.

"பூதம் எங்கயும் போகாதுல்ல," என்றேன்.

பெட்டி வாங்கியாயிற்று. சக்கரம் வைத்த பெட்டி. கூடத்தில் நடக்கிற வழியிலேயே நிற்கிறது. இன்று இரண்டு தடவை இடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரயிலுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்காமலே.

மாலையில் ஒரு சிறிய புதுப்பிப்பு வெளியிட்டேன். துண்டின் நிறம் மட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

உலகம் நின்றுவிட்டது.

காலையில் அண்ணன் செல்பேசியில் பஜார் பக்கத்தைத் திறந்தார். கருத்துகள் மலைபோலக் குவிந்திருந்தன. யாராலும் ஊரைவிட்டு வெளியே போக முடியவில்லை. வாசலுக்குப் போனால் "தூரமா?" வீட்டுக்கு வந்து தண்ணீர், டீ, முறுக்கு. மறுபடி வாசலுக்குப் போனால் மறுபடி "தூரமா?" ஏழாவது பள்ளத்தாக்கில் பூதத்தின் வாய்க்கு எதிரில் நின்றவர்களையும் ஒரு கதவைத் தாண்டியதும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒருவர் நேற்றிரவிலிருந்து முறுக்கு மட்டுமே சாப்பிடுவதாக எழுதியிருந்தார். மோட்டை எடுத்துவிடலாம் என்றால், அது இல்லாமல் சேமித்த ஆட்டம் திறக்காதாம். பின்லாந்துக்காரர் மட்டும், "நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். பரவாயில்லை" என்று எழுதியிருந்தார்.

"'ஒருமுறை மட்டும்' டிக்கை எடுத்தது யாரு?" என்று அண்ணன் கேட்டார்.

துண்டின் நிறத்துக்கான பெட்டியும் அந்தக் கட்டமும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. கை தவறியிருக்கும்.

"'எல்லா வாசலும்'னும் போட்ருக்கு."

அதுவும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

உடனே சரிசெய்ய உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் ஐந்து மணிவரை வராது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கரண்டை நிறுத்தியதே அவர்தான். அண்ணன் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நம்ம தெருவுக்கு மட்டும் பத்து நிமிசம் கரண்ட் விட முடியுமா?"

"நான் கம்பத்து மேல இருக்கேம்ல. எதுக்கு?"

"எங்களால உலகமே நின்னு போச்சுப்பா."

"உலகத்துக்கு வேற ஃபீடரு, வேற லைனு," என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார்.

அண்ணன் பெயருக்குக் கீழேதான் அத்தனை திட்டும். பெட்டியில் ஒரே பெயர்தானே இருக்கிறது. "தங்கச்சி செஞ்சது" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. ஐந்து மணிவரை கூடத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கரண்ட் வந்ததும் டிக்கைப் போட்டு, 'வெளியிடு' அமுக்கினோம். தவறு போன வேகத்திலேயே திருத்தமும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். நோயும் மருந்தும் ஒரே குழாயில் வருகின்றன. இதைக் கட்டுரையில் நன்மையில் எழுதுவதா தீமையில் எழுதுவதா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மஸ்கட்டில் செந்தூர் அண்ணனோடு தங்கியிருப்பவர்கள் ஆஷ்வேல் ஆடுவார்களாம். நேற்று அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து அறையில் படுத்திருந்த செந்தூர் அண்ணனுக்குத் திரும்பத் திரும்ப அவர் அம்மா குரல் கேட்டிருக்கிறது. பயந்து எழுந்து போய்ப் பார்த்தால், திரையில் நைட்டியோடு அத்தை. அதை வீடியோ எடுத்து அத்தைக்கே அனுப்பிவிட்டார். எங்கள் விளக்கத்தையும் போனிலேயே படித்துக் காட்டியிருக்கிறார்.

அத்தை வந்தார். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"ஏம்மா, நான் கேட்டா காரியம் கெட்டுப்போகும்னு எழுதி வச்சிருக்கீகளாமே," என்றார் அத்தை.

"புள்ளைக ஏதோ வெளையாட்டா..." என்றார் அம்மா.

"நான் என்னைக்காவது ஒங்களப் பாத்து 'எங்க போறீக'ன்னு கேட்ருக்கனா? அது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அதான பாத்துப் பாத்து 'தூரமா'ன்னு கேப்பேன். எங்க ஊருல அதுதான் மரியாதை. 'தூரமா'ன்னா யாரும் திரும்பிப் போக மாட்டாக."

அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நீங்க வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது அதுக்குத்தானா?"

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நான் பூட்ட மறந்துட்டீகன்னுல்ல நெனச்சேன்," என்றார் அத்தை. "குடும்பத்துக்கே மறதியா இருக்கேன்னு வாரா வாரம் வல்லாரை அரைச்சுக் குடுத்தேன்."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் அழுகிறார் என்று நினைத்தேன்.

"இனிமே நான் ஒண்ணும் கேக்கலம்மா. நீங்க பாட்டுக்குப் போங்க, வாங்க." படியிறங்கியவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஒலகத்துக்கே காட்டுதீக. நைட்டியோடவா காட்டணும்? என்கிட்டச் சேலையே இல்லையா?"

பஜாரில் ஒரு மோட்டை ஏற்றும்போது, "இதில் உள்ள எல்லாம் உங்களுக்குச் சொந்தமானவையா?" என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்று நான்தான் அமுக்கினேன். அடுத்த பக்கத்துக்குப் போக அதுதான் வழியாக இருந்தது. அத்தையின் குரல் எனக்கு எப்படிச் சொந்தமாகும்?

துவையல் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாங்கள் வெளியே வந்தால் அத்தை உள்ளே போய்விடுகிறார். வீடே நிலைகுலைந்து கிடக்கிறது.

திங்கட்கிழமை அப்பா கட்டிங் பிளேயரை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் கடைக்குப் போய், ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கையில் தோசைக்கல் அளவுக்கு ஓட்டை. நேற்று நான் புத்தகப் பையே இல்லாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாங்கள் மறந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தெரிகிறது. அத்தை சொன்னது சரி. எங்களுக்கு மறதிதான்.

இன்று காலை அப்பா கேட்டருகே வெகுநேரம் நின்றார்.

"என்னங்க, கெளம்பலையா?" என்று அம்மா கேட்டார்.

"யாரும் கேக்கலையே," என்றார் அப்பா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணனும் நானும் அத்தை வீட்டுக்குப் போனோம். அண்ணன் மடிக்கணினி இரவல் வாங்கியிருந்தார்.

"அத்த, ஒங்களுக்குப் பிடிக்கலன்னா இப்பவே எடுத்துருதோம்," என்றார் அண்ணன். "நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

புதுப்பிப்பைக் காட்டினோம். நைட்டி போய்விட்டது. அரக்குப் பட்டுச்சேலை. செந்தூர் அண்ணன் அனுப்பிய பழைய கல்யாண போட்டோவைப் பார்த்துச் செய்தது. "காரியம் கெட்டது" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, "இவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. ஒருவரையும் கவனிக்காமல் போகவிட மாட்டார்" என்று எழுதியிருந்தேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொசுவம் சரியில்ல," என்றார்.

சரிசெய்தோம்.

"மூக்குத்தி எங்க?"

வைத்தோம்.

"பின்னாடி அந்தக் கழுகு எதுக்கு? கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போயிராது?"

கழுகை எடுத்தோம். பிறகு அந்தக் கதாநாயகன் முறுக்குத் தின்பதைப் பார்த்துவிட்டு, "பாவம், நல்லாச் சாப்பிடுதான்" என்றார். மோட் இருக்கலாம் என்றும் சொன்னார். இந்தமுறை 'ஆம்' என்பதை அத்தையின் விரலாலேயே அமுக்கவைத்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கிளம்பும்போது அத்தை சொன்னார்: "மாரீசு, ஞாயித்துக்கெழம நீ போறப்ப நான் கதவச் சாத்திட்டு உள்ள இருந்துக்கிடுதேன். தப்பா நெனைக்காதய்யா. என் வாயி சும்மா இருக்காது. தூரந்தொலைவு போற புள்ள."

அண்ணன் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலும். எனக்கும் ஒன்றும் இல்லை. கேட்காவிட்டால் நேரம் மிச்சம்தானே.

ஆகஸ்ட் 14, வியாழன்

கட்டுரை திரும்ப வந்தது. வேணி மிஸ் கடைசியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "நன்மைகளா தீமைகளா என்று கடைசிவரை சொல்லவில்லை. முடிவுரை எங்கே?"

'எங்கே' என்று கேட்டுவிட்டார். போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று நடந்தது.

அப்பா ரயிலுக்கு வெகுநேரம் முன்பே ஆட்டோவை வரச் சொல்லியிருந்தார். பொழுது சாயும் நேரம். பெட்டி, பக்கெட், தலையணை, அம்மா கட்டிய ஏழெட்டுப் பொட்டலங்கள். அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

நாங்கள் வாசலைத் தாண்டினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. தெரு அமைதியாக இருந்தது. கோழிக்குத் தீனி போடும் கிழவிகூட இல்லை. அண்ணன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார். என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு காலை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்தார்.

"அண்ணே, எங்க போற?"

யார் கேட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் ஆட்டோக்காரரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "நான் இல்லத்தா. சத்தியமா நான் கேக்கல," என்றார் அத்தை.

"ஏட்டி," என்று அம்மா ஆரம்பித்தார்.

அண்ணன் காலை வெளியே எடுத்தார். "போச்சு," என்றார். "எல்லாரும் உள்ள வாங்க. அத்த, நீங்களும் வாங்க. அண்ணாச்சி, ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டு வாங்க, தண்ணி குடிக்கணும்."

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். பிறகு டீ போட்டேன். பொட்டலத்தைப் பிரித்து முறுக்கும் வைத்தேன். அண்ணன் ஒவ்வொரு சுற்றாக உடைத்து உடைத்துத் தின்றார். இதைவிட மெதுவாக ஒருவர் முறுக்குத் தின்று நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் இன்னொரு டீ கேட்டார்.

அப்போது அத்தை டிவியைப் பார்த்தார்.

"அது என்ன மேல, நீலக் கலர்ல?"

டிவிக்கு மேல் அண்ணனின் அசல் சான்றிதழ்கள் இருந்த கோப்பு. மறந்துவிடக் கூடாது என்று அப்பா காலையிலேயே கண்ணில் படும்படி எடுத்துவைத்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வல்லாரைய நிறுத்தினது என் தப்பு."

அண்ணன் கோப்பைப் பையில் வைத்தார். கடைசி முறுக்கும் தீர்ந்தது. எல்லாரும் எழுந்தோம். அத்தை முன்னால் போய்த் தன் வாசலில், தன் இடத்தில் நின்றுகொண்டார். ஆட்டோ கிளம்பியது.

"நல்லபடியாப் போயிட்டு வாய்யா."

இரண்டாவது முறை யாரும் கேட்கக் கூடாது. ஒருமுறை மட்டும் என்பதுதான் விதி. அந்த டிக்கை நான் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேசை விசிறி முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கிறது. தாள்கள் எல்லாம் பறக்கின்றன. அதைப் பழைய பக்கமே திருப்பி வைத்துவிட்டேன்.

பின்லாந்துக்காரருக்குப் பதில் எழுத பஜாரைத் திறந்தேன். படைப்பாளர் பெட்டியில் 'பொன்ரதி' என்று என் முழுப்பெயர் இருந்தது. அதே ஒற்றைப் பெட்டி. உரிமையை மாற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அண்ணன் போனில் அழைத்தபோது கேட்டேன்.

"வாசல்ல நிக்கிறது நீதான. அப்ப ஒம்பேருதான் இருக்கணும்," என்றார்.

பிறகு விடுதிக் கதை சொன்னார். அறைத்தோழர் ஈரோட்டுக்காரர். அண்ணன் கதவைத் தாண்டினால் போதும், "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பாராம். அண்ணன் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாராம். ஒரு வாரமாக இப்படியே நடக்கிறது. நேற்று அந்தத் தோழர் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, உங்களுக்கு மறதி ஜாஸ்திங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

இதை அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"துவையல் கெட்டுப்போகும்," என்றார். "பொடியா இடிச்சுக் குடுத்தா கூரியர்ல வாங்கிக்கிடுவாகளாட்டி?"